ஓட்டை வாளியின் பாடலாசிரியர்

எந்தக் கம்பெனியும் அவர்களை விலைக்கு வாங்கவில்லை. வாங்க வந்தவர்களிடம் அவர்கள் விலைபோகவும் இல்லை. வந்தவர் மொத்தமே ஒருவர்தான் என்பதும், அவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகவேண்டியவர் என்பதும் வேறு செய்தி. பதினைந்து ஆண்டுகள் அந்த நால்வர் தாமே பாட்டுக் கட்டி, தாமே ஒலிப்பதிவு செய்து, தாமே உறையிலிட்டு, தம் வேனின் பின்கதவைத் திறந்து தாமே விற்று, மிஞ்சியதைத் தம் கட்டிலுக்கடியில் தாமே அடுக்கி, 'ஓட்டை வாளி' என்ற பெயரில் தலைநிமிர்ந்து வாழ்ந்துவந்தார்கள்.

ரூட்ஸ் ராக் அவர்கள் இசை. மின்கிதார் முழங்கும், முரசு அதிரும். ஆனால் வேரைத் தோண்டிப் பார்த்தால் மூட்டை சுமந்தவன் முனகியதும், துணி துவைத்தவள் முணுமுணுத்ததும், ஆலைச் சங்கு ஊதுமுன் ஓடியவர்கள் மூச்சிரைத்ததும் அங்கே இருக்கும். முதல் இசைத்தட்டை அவர்கள் பதிவு செய்தது ஸ்டூடியோவில் அல்ல; கட்டி முடிக்காத ஒரு மாடிக் கட்டடத்தின் லிப்டுக் குழிக்குள். எதிரொலி இலவசம் என்பதால் அந்த ஏற்பாடு. மூன்றாம் பாட்டின் உருக்கமான இடத்தில் லிப்டின் இயந்திரக் குரல் 'கதவுகள் மூடுகின்றன' என்று குறுக்கிட்டது. அழிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்கள். அன்றுமுதல் எந்த ஊர் மேடையிலும் அந்த இடம் வந்தால் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் 'கதவுகள் மூடுகின்றன' என்று முழங்கும். கலை இப்படியும் வளரும்.

பாடகன், கிதாரும் வாசிப்பவன், பகலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளன். பேஸ் கிதார் வாசிப்பவர் லிப்டு மெக்கானிக். அந்தக் குழி கிடைத்தது அவரால்தான். மவுத் ஆர்கன் வாசிப்பவர் பல்செட் செய்பவர். அவரை எல்லோரும் 'ஊதல்' என்றே அழைப்பார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் பாடகனின் தங்கை, லிப்டு மெக்கானிக்கின் மனைவி. நாற்பத்தோரு வயதாகிவிட்டது; ஆனாலும் அண்ணனுக்கு அவள் இன்னும் 'வாண்டு'.

வாண்டு வேலை பார்ப்பது மருந்துப் பெட்டி அச்சடிக்கும் அச்சகத்தில். மெய்ப்புத் திருத்துபவள். 'உணவுக்கு முன்' என்பது 'உணவுக்குப் பின்' ஆகிவிடாமல் ஊரின் வயிற்றைக் காப்பவள். அவ்வப்போது புத்தகமும் அங்கே அச்சாகும்; அதுவும் அவள் மேசைக்கே வரும். ஓட்டை வாளியின் அறுபத்திரண்டு பாடல்களையும், சொல் முதல் மெட்டு வரை, வீணாய்ப் போன மருந்து அட்டைகளின் பின்புறத்தில் எழுதியவள் அவள்தான்.

அந்த உண்மை நால்வருக்குத் தெரியும், நாட்டுக்குத் தெரியாது. அதற்குக் காரணமும் அவளேதான். முதல் ஆண்டிலேயே அவள் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். இந்தக் குழுவில் தலைவன் இல்லை, தொண்டன் இல்லை. எல்லா முடிவும் வாக்கெடுப்பில். எந்தப் பாட்டிலும் தனியொருவர் பெயர் கூடாது. சொல்லும் இசையும் 'ஓட்டை வாளி' என்றே அச்சாகவேண்டும். நால்வரும் கைதூக்கினார்கள். சமத்துவம் என்று அவள் ஆசையாய்த் தைத்த துணி அது. ஆனால் மேடையின் முன்னால் நிற்பவன் ஒருவன், பின்னால் உட்கார்ந்திருப்பவள் ஒருத்தி என்றிருக்கும் உலகில், அந்தத் துணியே திரையாகித் தொங்கியது. கேட்டவர்கள் எல்லோரும் பாடுகிறவனே எழுதினான் என்று எண்ணினார்கள். எண்ணுகிறவர்களைத் திருத்துவது தன் வேலையல்ல என்று அண்ணன் எண்ணினான்.

சென்ற மாதம் வானொலிப் பேட்டியில் அறிவிப்பாளர் உருகினார். "'இரண்டாம் ஷிப்ட்' பாட்டுல, ஆலை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து அடுப்படியில இன்னொரு ஷிப்ட் பார்க்கிற பொண்ணு மனசை அப்படியே புட்டுப் புட்டு வெச்சிருக்கீங்களே சார், எப்படி?"

"பொம்பளைங்க கஷ்டத்தப் பக்கத்துல இருந்து பார்த்தவன் சார் நான்" என்றான் அண்ணன். அது பொய்யல்ல. பார்த்தான், பக்கத்திலிருந்துதான் பார்த்தான், எழுந்து ஒரு தட்டைக் கழுவினானா என்று அறிவிப்பாளர் கேட்கவில்லை. வாண்டுவின் பக்கம் திரும்பி, "டிரம்ஸ் அடிச்சா கை வலிக்காதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"வலிக்கும். அப்போ அடுத்த கையால அடிப்பேன்" என்றாள் அவள்.

பேட்டியைக் கேட்ட ஒரு பதிப்பாளர் அம்மையார் அண்ணனுக்குத் தொலைபேசி செய்தார். அறுபத்திரண்டு பாடல்களையும் புத்தகமாகப் போட ஆசை. அட்டையில் ஆசிரியர் பெயர் ஒன்று வேண்டும். யார் பெயரைப் போடுவது? அண்ணன் ஒரு கணமும் தயங்கவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த அட்டையின் மெய்ப்பு, ஊரில் எத்தனையோ அச்சகங்கள் இருக்க, வாண்டுவின் மேசைக்கே வந்தது. "உங்க அண்ணன் புஸ்தகம்தாம்மா. சனிக்கிழமை மெஷின் ஏறணும், பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார் மேற்பார்வையாளர். அவள் பார்த்தாள். அண்ணனின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஓர் ஒற்று விடுபட்டிருந்தாலும் மனத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. முழுத் தவறும் பிழையின்றி அச்சாகியிருந்தது.

சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது. ஆனால் அவள் தொழிலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மெய்ப்புத் திருத்துபவர் எழுத்தைத் திருத்தலாம், ஆளைத் திருத்தக்கூடாது. பெயரில் கைவைக்கவேண்டுமானால் பெயருக்குரியவரே வாய்திறந்து சொல்லவேண்டும். சனிக்கிழமைக்குள் அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல் வரவேண்டும். வராவிட்டால் பதினைந்து ஆண்டு உழைப்பும் அழியாத மையில் அவனுடையதாகிவிடும். காகிதத்தில் ஏறியதை மறுப்பது எவ்வளவு கடினம் என்று அச்சகத்தில் இருப்பவளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

புதன்கிழமை ஒத்திகைக்குப் போகும் வழியில், வேனுக்குள் அவள் பேச்சைத் தொடங்கினாள்.

"அண்ணா, புஸ்தக அட்டையில உன் பேரு இருக்கு."

"ஆமா, அந்தம்மா ஒரு பேரு கேட்டாங்க. நாம நாலு பேரும் ஒண்ணுதானே வாண்டு. யார் பேரு இருந்தா என்ன?"

"அப்போ என் பேரு இருக்கட்டும்."

அண்ணன் கியரை மாற்றினான். மாற்றவேண்டிய தேவை சாலையில் இல்லை. "அதில்ல... ஜனங்களுக்குத் தெரிஞ்சது என் மூஞ்சிதானே. நீ எழுதிக் குடுத்தே, சரி. உயிர் குடுத்தது யாரு?"

"உயிரும் நான்தான் குடுத்தேன். நீ சத்தம் குடுத்தே."

"பாருங்க மாப்பிள்ளை, உங்க வீட்டம்மா பேச்ச."

பேஸ் வாசிக்கும் கணவர் கண்ணாடிக்கு வெளியே மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "மச்சான், லிப்டு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கிறவன் கதவத் திறக்கக்கூடாது. அது விதி" என்றார்.

"வாக்கெடுப்பு" என்றாள் வாண்டு. இரண்டு கைகள் தூக்கப்பட்டன. ஒன்று அண்ணனுக்காக அண்ணனுடையது, ஒன்று அவளுக்காக அவளுடையது. லிப்டு மெக்கானிக் நடுமாடியிலேயே நின்றார். ஊதல், "எனக்கு வாய்லதான் வேலை, கையில இல்ல" என்று மவுத் ஆர்கனை வாயில் செருகிக்கொண்டார். பெண்ணுரிமை பற்றி நான்கு இசைத்தட்டு போட்ட குழுவின் நியாயம் அந்த வேனுக்குள் அவ்வளவுதான் தேறியது.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை, பாத்திரத்தை உருட்டவுமில்லை. வீணான மருந்து அட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்பினாள். வெள்ளிக்கிழமை மாலை நகரமன்றத்தில் பதினைந்தாம் ஆண்டு நிறைவுக் கச்சேரி. அதற்கு வழக்கம்போல் அண்ணனின் தாள்களை அவள்தான் எழுதவேண்டும்.

இந்தத் தாள்களைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அண்ணனுக்கு வார்த்தை மனத்தில் நிற்காது. முதல் கச்சேரியில் முதல் சரணத்தையே நான்கு முறை பாடினான். 'பிடிவாதத்தின் பேரழகு' என்று ஒரு விமர்சகர் எழுதினார். அந்தப் பேரழகு இரண்டாம் முறை வேண்டாமென்று அன்றிலிருந்து தங்கை மருந்து அட்டையின் பின்புறம் தடித்த கறுப்பு மையில் பாட்டை எழுதி, அவன் காலடியில் மேடைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுவாள். அவன் குதிக்கிற குதியில் ஒவ்வொரு கச்சேரியோடும் தாள்கள் கிழிந்துபோகும். ஆகவே ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிது. மேடை ஏறுமுன் அவன் ஒரு நாளும் அவற்றைப் படித்ததில்லை. படிப்பதும் பாடுவதும் ஒரே கணம். கண்ணில் நுழைந்த எழுத்து வாய்வழியே வெளியேறும். நடுவழியில் மூளை என்றொரு நிறுத்தம் இருப்பதே அந்த வண்டிக்குத் தெரியாது.

வாண்டு பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதறே?"

"நடுமாடியில இருக்கிறவங்க எட்டிப் பார்க்கக்கூடாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கே மன்றம் நிரம்பிவிட்டது. முன்வரிசை நடுவில் பதிப்பாளர் அம்மையார் குறிப்பேட்டோடு அமர்ந்திருந்தார். முதல் இரண்டு பாட்டும் சொன்னது சொன்னபடி போயின. மூன்றாவதில் 'கதவுகள் மூடுகின்றன' என்று கூட்டம் முழங்கியது. நான்காவது ஒரு காதல் பாட்டு. வாண்டுவின் சோதனை அங்கேதான் இருந்தது. இரண்டாம் சரணம் வந்ததும் அண்ணன் தலையைக் குனிந்தான், தாளைப் பார்த்தான், மைக்கை இறுகப் பற்றினான், நெஞ்சு வெடிக்கப் பாடினான்:

*வெயில் படாத இடத்தில் வைக்கவும், கண்ணே,*
*எட்டு வயதுக்குட்பட்டோர்க்கு ஆகாது;*
*மூன்று நாளில் தணியவில்லை என்றால்*
*மருத்துவர் ஒருவரைக் கேட்கவும், பெண்ணே.*

மூன்றாம் வரிசையில் ஓர் அம்மாள் கணவரின் தோளில் சாய்ந்தாள். பின்னால் எங்கோ ஒருவர் மூக்கைச் சிந்தினார். ஊதலுக்கு மட்டும் சிரிப்பு மவுத் ஆர்கனுக்குள் போய்விட, அது எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டது. பேஸ் வாசித்தவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருமல் மருந்தின் எச்சரிக்கையை இருநூறு பேர் உருகக் கேட்டுவிட்டார்கள். பாடியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்த்தான்.

சோதனை தேறிவிட்டது. இனி பரீட்சை.

கடைசிப் பாட்டு 'இரண்டாம் ஷிப்ட்'. மூன்று சரணமும் முறையாக முடிந்தன. நான்காம் சரணத்துக்கு வாண்டு தாளத்தைச் சற்று இறுக்கினாள். அண்ணன் முடிந்த தாளைக் காலால் பிய்த்துத் தள்ளிவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தான், பாடினான்:

*இந்தப் பாட்டை எழுதியவன் நானல்ல,*
*எழுதிய கை என் முதுகுக்குப் பின்னால்;*
*பதினைந்து வருடம் முன்னால் நின்றேன்,*
*ஒருமுறைகூடத் திரும்பவில்லை நான்.*

கழுத்து நரம்பு புடைக்க, ஒரு கை வானை நோக்கி உயர, அவ்வளவு உண்மையோடு அவன் அதற்குமுன் பாடியதில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஐந்தாம் வரிக்காக அவன் குனிந்தான். அட்டையில் ஐந்தாம் வரி இல்லை. வெள்ளையாக இருந்தது. வாண்டு அங்கே ஒன்றும் எழுதவில்லை.

தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. நான்கு சுற்று போயிற்று. எட்டு சுற்று போயிற்று. பாடியது இன்னதென்று அப்போதுதான் அவன் மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்; காதுமடல் சிவந்தது. ஆனால் பதினைந்து ஆண்டுப் பழக்கம் வெட்கத்தைவிட வேகமானது. அவன் திரும்பி, மைக் வாயிலேயே இருப்பதை மறந்து, வழி தவறிய குழந்தைபோலக் கேட்டான்:

"வாண்டு, அடுத்த வரி என்ன?"

மன்றத்தின் நான்கு ஒலிபெருக்கிகளும் அந்தக் கேள்வியை மூலைமூலைக்கு எடுத்துச் சென்றன. முன்வரிசையில் பதிப்பாளர் எழுதுவதை நிறுத்தினார். பேனா மெல்ல மேடையின் பின்புறம், டிரம்ஸின் பக்கம் திரும்பியது.

"அடுத்த வரி உன்னுது" என்றாள் வாண்டு, அடிப்பதை நிறுத்தாமல். "நீ சொல்லு."

பன்னிரண்டு சுற்று. பதினாறு சுற்று. பேஸ் வாசித்தவர், எந்தப் பக்கமும் பேசாத அந்த மனிதர், மனைவியின் தாளத்துக்கு அடியில் ஒரே சுரத்தைக் கொடுத்து அதைத் தாங்கிப் பிடித்தார். அது அவர் தூக்கிய கை. ஊதல் மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையைத் தலைக்குமேல் உயர்த்தினார். அண்ணன் இருவரையும் பார்த்தான். வாக்கு முடிந்துவிட்டது என்பது தெரிந்தது. ஆனால் வாக்கு மட்டும் போதாது, வாயும் வேண்டும். அவன் வெள்ளை அட்டையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், வியர்வையைத் துடைத்தான்.

"எல்லாப் பாட்டும் இவதான் எழுதினா" என்றான்.

வாழ்க்கையில் அவன் சொந்தமாக இயற்றிய முதல் வரி அது. தாளத்துக்குள் அடங்கவில்லை, கடைசியில் ஒரு மாத்திரை துருத்திக்கொண்டு நின்றது. வாண்டுவின் மனம் அதைத் திருத்தத் துடித்தது. திருத்தவில்லை. முரசை ஓங்கி அடித்துப் பாட்டை முடித்தாள்.

மேடைக்குப் பின்னால், பெட்டிகள் அடுக்கிய அறையில் அண்ணன் பொரிந்து தள்ளினான். "ஊர்முன்னால என்ன நிக்க வெச்சு உரிச்சுட்டே. நல்லா இருக்குதா இது?"

"நான் உரிக்கல. எழுதி வெச்சேன். படிச்சது நீ."

"நம்பித்தானே படிக்கிறேன்."

"நம்பிக்கையில்ல அண்ணா அது. சோம்பேறித்தனம்."

ஊதல் இடையில் புகுந்தார். "சண்டை அப்புறம் போடுங்க. அந்த மருந்துப் பாட்டு அடுத்த ரெக்கார்டுல வந்தாகணும், சொல்லிட்டேன்."

"எந்த மருந்துப் பாட்டு?" என்றான் அண்ணன்.

ஊதல் லிப்டு மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு லிப்டு மெக்கானிக், பெட்டிமேல் உட்கார்ந்தபடியே, தோள்கள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிக்கத் தொடங்கினார். "மச்சான், காதலிகிட்ட வெயில்ல வெக்காதேன்னு பாடினீங்களே" என்றார். நான்காம் பாட்டின் தாளை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். அண்ணன் அதை இருமுறை படித்தான். கோபம் அவன் முகத்திலிருந்து இறங்கியது. அந்த இடத்தில் ஏறியது பயம்.

"இத்தனை வருஷமும் இப்படித்தான் பாடறேனா?" என்று கேட்டான். யாரும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அச்சகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு அவனே வந்தான். பதிப்பாளர் அம்மையார் விடிந்ததுமே மேற்பார்வையாளரை அழைத்துப் பேசியிருந்தார். பெயருக்குரியவர் நேரில் வந்து சொல்லட்டும் என்று மேற்பார்வையாளர் பதில் சொல்லியிருந்தார். வாண்டு அச்சுத் தகடுகளை எடுக்க இயந்திர அறைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அண்ணன் அவள் நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் கிடந்த உள்பக்க மெய்ப்புகளைப் படித்துக்கொண்டிருந்தான். உதடுகள் அசைந்தன; குரல் எழவில்லை.

"அட்டையில என் பேர அடிச்சுட்டேன்" என்றான் நிமிராமல். "மேல உன் பேர எழுதிட்டேன். எழுத்துப் பிழை இருந்தா பார்த்துக்கோ."

அவள் பார்த்தாள். தன் தங்கையின் பெயரில் ஓர் எழுத்தை அவன் விட்டிருந்தான். சிவப்பு மையில் சேர்த்தாள்.

"வாண்டு, இந்த 'நகராத வண்டி' பாட்டு யாரப் பத்தி?"

பதினோரு ஆண்டாக ஒரு மேடை தவறாமல் அவன் பாடிவரும் பாட்டு அது. தெருநடுவில் நின்றுபோய், தானாக ஓர் அடியும் நகராமல், ஊர் முழுக்கக் கேட்க ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும் வண்டியைப் பற்றியது. தள்ளுகிறவர்கள் பின்னால் தள்ள, வண்டி தானே ஓடுவதாக நினைத்துக்கொள்ளும்.

"யாரப் பத்தின்னு நீ நினைச்சே?"

"அரசாங்கத்தப் பத்தின்னு. ரேடியோவுலகூட அப்படித்தானே சொன்னேன்."

அவள் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள், கழற்றி மாட்டினாள். அண்ணன் மறுபடி ஒருமுறை அந்தப் பக்கத்தை முதலிலிருந்து படித்தான். இந்த முறை மெதுவாக. எழுத்து கண்ணில் நுழைந்தது. நுழைந்தது வெளியே வராமல் உள்ளேயே நெடுநேரம் நின்றது.

"தொண்டை கிழியப் பாடியிருக்கேனே இத" என்றான்.

"நல்லாத்தான் பாடினே."

"வேற எத்தனை பாட்டு என்னப் பத்தி?"

"பக்க எண் குறிச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம்" என்றான் அவசரமாக. பக்கத்தைப் புரட்டினான். "நானே படிச்சுக்கிறேன்."

உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கியது. தரை மெல்ல அதிர்ந்தது. மேற்பார்வையாளர் கதவோரம் தலைநீட்டி, அட்டை எங்கே என்று கையால் கேட்டார். வாண்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போட மேசை வேண்டும்.

"எழுந்திரு அண்ணா" என்றாள். "அது என் நாற்காலி."

அண்ணன் கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமலே எழுந்து, சுவரோரம் போய் நின்று படித்தான். அவள் உட்கார்ந்தாள்.